பவுடர் கோட்டிங் லைனில் கன்வேயர் வேகம்: ஒரே வேகமா, இரண்டு வேகமா, வேலைக்கொரு வேகமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், மொபேனி, ப்ராஸ்பெக்டன், பைன்டவுன் பக்கம் இருக்கும் பவுடர் கோட்டிங் (உலோகத்தில் பெயின்ட் பவுடரை வீசி ஓவனில் வேகவைக்கும்) கூடங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் செய்பவை அல்ல. காலையில் ஜன்னல் கம்பி, பத்து மணிக்குப் பள்ளி மேசைக் கால், மதியம் டிரெய்லர் பிராக்கெட், சாயங்காலம் யாரோ ஒருவருடைய வாசல் கேட். இத்தனையும் ஒரே சங்கிலியில் தொங்கி, ஒரே ஓவனுக்குள் போய் வருகின்றன. இந்த நிலையில் கன்வேயர் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பது லைனின் தலையெழுத்தையே தீர்மானிக்கிற கேள்வி. ஆனால் பல இடங்களில் அதற்கு விடை சொல்வது அன்றைய ஆர்டர் புத்தகம்தான். அவசரம் என்றால் வேகக் குமிழைக் கூட்டுகிறார்கள், ரிஜெக்ட் வந்தால் குறைக்கிறார்கள்.

இதற்குப் பல வழிகள் உண்டு. நான் எதை எடுப்பேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்பு வேலை ஓடும் லைனுக்கு அளந்து நிர்ணயித்த இரண்டு வேகங்கள் போதும். கனமான சாமான்களை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கட்டாகச் சேர்த்து ஓட்ட வேண்டும். ஏன் அப்படி என்பதற்குத்தான் கீழே கணக்கு. கணக்கு வேண்டாம், முடிவு மட்டும் போதும் என்பவர்களும் ஓவன் பகுதியையாவது படித்துவிடுங்கள். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

பேசுவதற்கு வசதியாக ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சங்கிலி 180 மீட்டர். பவுடர் பூசுமுன் சாமானைக் கழுவித் தயாராக்கும் ஐந்து கட்ட ஸ்ப்ரே பிரீட்ரீட்மென்ட்: எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசிங் 3 மீட்டர், ரின்ஸ் 1, அயர்ன் பாஸ்பேட் 2, ரின்ஸ் 1, கடைசியாக டிஐ வாட்டர் (அயனி நீக்கிய தண்ணீர்) ரின்ஸ் 1. பிறகு உலர்த்தும் ஓவன், பவுடர் வீசும் பூத், கடைசியில் பவுடரை வேகவைக்கும் கேஸ் பர்னர் ஓவன். கடைசி ஓவனுக்குள் சங்கிலி வளைந்து ஓடும் நீளம் 36 மீட்டர். பிரீட்ரீட்மென்ட் வாயிலிலிருந்து ஓவன் வெளிவாயில் வரை 110 மீட்டர். நடுத்தரமான லைன்தான். உங்கள் லைனின் அளவுகளை இதே இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓவன் என்ன சொல்கிறது

பவுடர் டப்பாவில் '190 டிகிரியில் 10 நிமிடம்' என்று இருந்தால், அது உலோகத்தின் சூடு. ஓவன் போர்டில் தெரியும் காற்றின் சூடு அல்ல. அந்த 10 நிமிடம் ஆரம்பிப்பதே இரும்பு 190 டிகிரியைத் தொட்ட பிறகுதான். சாமான் ஓவனுக்குள் நுழைந்த நொடியிலிருந்து எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெல்லிய தகட்டில் அந்தக் கணக்கு எப்படியோ தப்பிக்கும், கனமான இரும்பில் தப்பிக்காது.

இரும்பு எவ்வளவு நேரத்தில் சூடேறும்? சுவர் கனம் இரட்டிப்பானால் சூடேறும் நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காற்றோட்டம் சுமாராக உள்ள, 210 டிகிரியில் வைத்த ஓவன் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால், அறைச் சூட்டிலிருந்து 190 டிகிரிக்கு ஏற 1.2 மி.மீ. தகடு மூன்றரை நிமிடம் எடுக்கும். 3 மி.மீ. எட்டரை நிமிடம், 6 மி.மீ. பதினேழேகால் நிமிடம், 10 மி.மீ. கிட்டத்தட்ட 29 நிமிடம். அலுமினியம் என்றால் அதே கனத்துக்கு இரும்பின் நேரத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் போதும். ஒரே கல்லில் தோசையும் அடையும் சுடுவது மாதிரிதான் இது: தீயை மாற்றாமல் இரண்டும் ஒரே நேரத்தில் வேகும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதோடு பவுடர் வேகும் 10 நிமிடத்தைக் கூட்டுங்கள். 3 மி.மீ. சாமானுக்கு ஓவனுக்குள் 18.6 நிமிடம் வேண்டும், 6 மி.மீ.க்கு 27.3 நிமிடம். நம் ஓவனில் 36 மீட்டர் இருக்கிறது. நிமிடத்துக்கு 1.8 மீட்டர் ஓடினால் 20 நிமிடம் கிடைக்கும், 3 மி.மீ. வரை சரி. 1.2 மீட்டர் ஓடினால் 30 நிமிடம்; 6 மி.மீ. வரை சரி. 10 மி.மீ. சாமானுக்கு 39 நிமிடம் வேண்டும், அதாவது 0.9 மீட்டருக்கு இறங்க வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

இவை காகிதக் கணக்கு. உங்கள் ஓவனில் காற்று எங்கே வீசுகிறது, எங்கே தேங்குகிறது என்பதைக் காகிதம் சொல்லாது. சாமானோடு ஓவனுக்குள் போய்ச் சூட்டைப் பதிவுசெய்யும் டேட்டா லாகர்தான் சொல்லும். கனமான சாமானில் தடிமன் அதிகமாக உள்ள இடத்தில், அதாவது ஃபிளாஞ்சும் குழாயும் சேரும் வெல்டிங் பக்கத்தில், சூட்டை உணரும் தெர்மோகப்பிள் ஒன்றைக் கட்டுங்கள். அதே ஹேங்கரின் (சாமான் தொங்கும் கொக்கி) உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று, மெல்லிய தகட்டில் ஒன்று, காற்றில் ஒன்று. வெளியே வரும் கோடுகளைப் பார்த்தால் எந்த இடம் கடைசியாக 190-ஐத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்துக்குக் கிடைக்கும் நேரம்தான் லைனின் உச்ச வேகத்தைச் சொல்கிறது. முதலாளியோ கஸ்டமரோ சொல்வதற்கு அங்கே இடமில்லை.

பிரீட்ரீட்மென்ட் போடும் எல்லை

ஓவன் மேல் எல்லையைப் போடுகிறது என்றால், பிரீட்ரீட்மென்ட் மேலும் கீழும் இரண்டு எல்லை போடும். 1.8 மீட்டரில் டிகிரீசிங்குக்கு 100 நொடி, பாஸ்பேட்டுக்கு 67 நொடி, ஒவ்வொரு ரின்ஸுக்கும் 33 நொடி கிடைக்கிறது. இந்த மாதிரி லைனுக்கு இது நல்ல அளவு. 2.4-க்கு ஏற்றினால் பாஸ்பேட் 50 நொடிக்கும் ரின்ஸ் 25 நொடிக்கும் சுருங்கும். மடிப்புகளிலும் குழாய் வாய்களிலும் கெமிக்கல் கழுவப்படாமல் நிற்கும். பிறகு அது பவுடருக்கு அடியிலிருந்து எழும்பும். 1.2-க்கு இறக்கினால் பாஸ்பேட்டில் 100 நொடி, தாங்கும். இன்னும் மெதுவாக விட்டால் கட்டத்துக்குக் கட்டம் போகும் வழியிலேயே சாமான் உலர ஆரம்பித்து, துரு மஞ்சளாகப் பூக்கும்.

டர்பனுக்கு இது சாதாரண விஷயமல்ல. ப்ளஃப்பிலோ அமான்சிம்டோட்டியிலோ கடலைப் பார்த்த வீட்டுக்கு ஒரு கேட் போகிறது என்று வையுங்கள். உப்புக் காற்றும் ஈரமும் முதலில் தேடுவது ஓரங்களையும் வெல்டிங் மூட்டுகளையும்தான். பாஸ்பேட் சரியாகப் பிடிக்காத கேட்டும், வேகாத பவுடர் பூசிய கேட்டும், கூடத்தை விட்டுப் போகும்போது மற்றதைப் போலவே பளபளவென்று இருக்கும். வித்தியாசம் வீட்டுக்காரர் கண்ணில் படுகிறபோது பில் எப்போதோ கட்டியாகியிருக்கும், நம் பெயர் கெட்டிருக்கும். அதனால்தான் வேகத்தை வெறும் உற்பத்தி எண்ணிக்கையாகப் பார்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆக, நம் லைனுக்குக் கிடைத்த ஜன்னல், அதாவது ஓட்டக்கூடிய வேக வரம்பு, நிமிடத்துக்கு 1.2 முதல் 1.8 மீட்டர் வரை. இதற்குள் எப்படி ஓட்டுவது என்பதில்தான் தேர்வுகள் வருகின்றன.

முதல் வழி: கனமான சாமானுக்கு ஏற்ற ஒரே வேகம்

எல்லாவற்றையும் 1.2-ல் ஓட்டிவிடலாம். நிம்மதியான வழி. யாரும் குமிழைத் தொட வேண்டாம், நைட் ஷிப்ட்டில் குழப்பமில்லை, எந்தச் சாமானும் வேகாமல் வெளியே வராது. புதிதாகத் தொடங்குகிற கூடத்துக்கு முதல் சில மாதங்கள் இதுவே நல்லது என்பேன்.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஒரு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹேங்கர் இடைவெளி 60 சென்டிமீட்டர், மெல்லிய சாமான் 600 ஹேங்கர், கனமானது 200 ஹேங்கர். மொத்தம் 480 மீட்டர் சங்கிலி. 1.2-ல் அது 400 நிமிடம், ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓவனின் சுவரும் வாயும் எக்ஸாஸ்டும் இழக்கிற வெப்பம் லைன் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் மணிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எனவே மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு சாமானின் தலையிலும் விழும் கேஸ் செலவு கூடும்.

இன்னொரு விலை மெல்லிய தகட்டின் மேல் விழுகிறது. அது 30 நிமிடம் உள்ளே இருந்தால் அதில் 26 நிமிடம் 190-க்கு மேல், கடைசிப் பகுதி முழுவதும் 210-ஐ ஒட்டி. கறுப்பு, சாம்பல் நிறப் பாலியெஸ்டர் பவுடர் இதைப் பெரும்பாலும் தாங்கும். எபாக்சியும் பாலியெஸ்டரும் கலந்த வெள்ளை ஹைபிரிட் தாங்காது, மஞ்சள் தட்டும். வெள்ளை அலமாரியின் கதவும் உடம்பும் வெவ்வேறு நாளில் ஓடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று பால் வெள்ளையாகவும் மற்றது தந்த வெள்ளையாகவும் நின்றால், கஸ்டமரிடம் விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

தென்னாப்பிரிக்காவுக்கே உரிய மூன்றாவது விலையும் இருக்கிறது. 2022, 2023-ல் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது கூடம் நடத்தியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கரண்ட் போகும் நேரம் அட்டவணையில் இருக்கும். ஜெனரேட்டர் முழு லைனையும் இழுக்காத கூடத்தில், அதற்கு முன்பே தொங்கவிடுவதை நிறுத்தி லைனைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் பிரீட்ரீட்மென்ட்டில் நிற்பது துருப்பிடிக்கும், ஓவனுக்குள் நிற்பது கருகும். காலி செய்ய வேண்டியது 110 மீட்டர். 1.8-ல் 61 நிமிடம் முன்பு நிறுத்தினால் போதும். 1.2-ல் 92 நிமிடம். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் மெதுவான லைன் அரை மணி நேரம் கூடுதலாக இழக்கிறது. லோட் ஷெடிங் இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஏரியா டிரான்ஸ்ஃபார்மர் பழுது, கேபிள் திருட்டு என்று கரண்ட் போகும் காரணங்கள் தீர்ந்துவிடவில்லை, அவற்றுக்கு அட்டவணையும் கிடையாது.

இரண்டாம் வழி: வேலைக்கொரு வேகம்

இப்போது வரும் கன்ட்ரோல் பேனல்களில் ரெசிபி வசதி இருக்கிறது. சாமானின் நம்பரைத் தட்டினால் அதற்குரிய வேகம் வந்துவிடும். விற்க வருபவர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், சங்கிலி ஒன்றுதான். தொங்கவிடும் இடத்தில் இருப்பவருக்காக வேகத்தை மாற்றினால் பூத்தில் இருப்பதற்கும் ஓவனில் இருப்பதற்கும் சேர்த்தே மாறுகிறது. கனமான சாமான் ஓவனின் நடுவில் இருக்கும்போது பின்னால் மெல்லியது வருகிறதென்று வேகத்தைக் கூட்டினால், அந்தக் கனமானது வேகாமலேயே வெளியே வரும். அதனால் கனமான கட்டின் முதல் ஹேங்கர் ஓவனுக்குள் நுழையும்போது வேகத்தை இறக்கி, கடைசி ஹேங்கர் ஓவனை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். அதாவது கட்டின் நீளத்தோடு ஓவனின் 36 மீட்டரையும் சேர்த்து மெதுவாக ஓட்டியாக வேண்டும். அந்த 36 மீட்டர் 1.8-ல் 20 நிமிடத்தில் போயிருக்கும், 1.2-ல் 30 நிமிடம் ஆகிறது. ஆக, ஒவ்வொரு கனமான கட்டுக்கும் 10 நிமிட அபராதம்.

மேலே சொன்ன அதே நாளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். கனமான 200 ஹேங்கரையும் ஒரே கட்டாக ஓட்டினால் மொத்தம் 310 நிமிடம். ஒரே வேகத்தில் ஓட்டியதைவிட ஒன்றரை மணி நேரம் மிச்சம். நான்கு கட்டாகப் பிரித்தால் 340. பத்து கட்டாகச் சிதறிவிட்டால் 400, அதாவது நாள் முழுக்க 1.2-ல் ஓட்டியதற்குச் சமம். குமிழைப் பத்து முறை இறக்கி, பத்து முறை ஏற்றிய பாடு வீண். வேலைக்கொரு வேகம் என்பது பெரிய பெரிய லாட்களாக ஓட்டும் தொழிற்சாலைக்குப் பொருந்தும். ப்ராஸ்பெக்டன் பக்கம் கார் தயாரிப்புக்கு ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் அப்படி ஓட்டலாம். நாளுக்கு இருபது கஸ்டமர் வந்து போகும் ஜாப் ஒர்க் கூடத்துக்கு இது பொருந்தாது.

பூத்திலும் தலைவலி உண்டு. 1.5 மீட்டர் உயரத்துக்கு நிறையத் தொங்கும் தகடு 1.8 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு பக்கத்தில் நிமிடத்துக்கு 2.7 சதுர மீட்டர் கடக்கிறது. 70 மைக்ரான் ஒட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 280 கிராம் பவுடர் சாமான் மேல் தங்க வேண்டும். ஸ்ப்ரே கன் வீசுவதில் அறுபது சதவீதம் ஒட்டுகிறது என்றால் 470 கிராம் வீச வேண்டும், நான்கு கன் இருந்தால் கன்னுக்கு 118 கிராம். வேகம் 1.2-க்கு இறங்கும்போது அது 80 கிராமுக்கு அருகில் இறங்க வேண்டும். இறக்க மறந்தால் 100 மைக்ரானைத் தாண்டிப் பூசும், ஆரஞ்சுத் தோல் மாதிரி முகம் எழும்பும், பவுடர் காசும் போகும். வேகத்தோடு கன் அவுட்புட்டைக் கட்டிவைக்கும் கன்ட்ரோலர் இருந்தால் சரி. இல்லாத இடத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை மனிதர் நினைவை நம்ப வேண்டியிருக்கும்.

கன்களைத் தாங்கி மேலும் கீழும் ஓடும் ரெசிப்ரொகேட்டரையும் பார்க்க வேண்டும். அது நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஒன்றரை மீட்டர் ஏறி இறங்க 6 நொடி ஆகும். அதற்குள் 1.8 மீட்டர் வேகத்தில் சாமான் 18 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கன்னின் விசிறி 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஒன்றின் மேல் ஒன்று நன்றாகப் படிகிறது. ரெசிப்ரொகேட்டரைப் பாதி வேகத்துக்குக் குறைத்து வைத்திருந்தால் சாமான் 36 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நடுவில் மெலிந்த பட்டைகள் விழும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மைக்ரான் மீட்டரைக் குறுக்காக நகர்த்தி அளந்தால் கூடியும் குறைந்தும் எண் ஆடும்.

மூன்றாம் வழி: இரண்டு வேகம், சேர்த்த கட்டு

நான் எடுப்பது இதை. வழக்கமான வேகம் 1.8. கனமானதற்கு 1.2. இடையில் வேறு எதுவும் கிடையாது. 3 மி.மீ. வரை உள்ளதெல்லாம் முதல் வகை, 3-க்கு மேல் 6 வரை இரண்டாம் வகை. சாமான் உள்ளே வரும்போதே தடிமனைப் பார்த்து, வேலைச் சீட்டில் பச்சை அல்லது சிவப்பு குறி போட்டுவிட வேண்டும். கனமானவை தனியாகக் குவிந்து, மதியத்துக்கு முன் ஒரு கட்டு, மதியத்துக்குப் பின் ஒரு கட்டு என ஓடும். மேலே போட்ட கணக்கில் இரண்டு கட்டுக்கு 320 நிமிடம் வரும். கன் செட்டிங்கும் இரண்டே இரண்டு. அவற்றைப் பூத் கதவில் எழுதி ஒட்டிவிடலாம்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கடைப்பிடித்தால் வெற்று ஹேங்கர் விட வேண்டியதே இல்லை. கனமான கட்டுக்கு முன்னாலும் பின்னாலும் 36 மீட்டருக்கு, அதாவது அறுபது ஹேங்கருக்கு, இரண்டு வேகத்தையும் தாங்கும் சாமானைத் தொங்கவிடுங்கள். 2 மி.மீ. கனம், அடர் நிறப் பாலியெஸ்டர் என்றால் சரியாக இருக்கும். அதற்கு 16 நிமிடம் போதும் என்பதால் 1.8-ல் ஓடினாலும் வேகும், 1.2-ல் முழு 30 நிமிடம் இருந்தாலும் நிறம் கெடாது. ஜன்னல் கம்பிகள் பெரும்பாலும் கறுப்பு அல்லது கரிச்சாம்பல்தான், அவையே இந்த இடத்துக்கு நல்ல வேலி. வெள்ளையும் கிரீமும் கனமான கட்டுக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. பிரீட்ரீட்மென்ட் இரண்டு வேகத்தையும் தாங்குகிறது என்பதை ஏற்கெனவே பார்த்தோம். வெவ்வேறு நிறத்துக்காகப் பூத்தை மாற்றும் நேரமும் இந்த ஒழுங்கில் குறைகிறது, ஏனென்றால் அடர் நிறங்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

குறை இல்லாமல் இல்லை. காலை பதினோரு மணிக்கு ஒருவர் பக்கியில் (பிக்கப் வண்டி) இரண்டு கனமான பிராக்கெட்டைக் கொண்டுவந்து உடனே வேண்டும் என்றால் மதியக் கட்டுவரை காத்திருக்கச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் நீள விடுமுறைக்கு முன்பும் டிசம்பர் மூடலுக்கு முன்பும் அது கஷ்டமான பேச்சு. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவருக்காக நடுவில் ஒரு கட்டைச் சேர்த்தால் லைன் முழுவதற்கும் 10 நிமிடம் போகிறது. அது எவ்வளவு ரேண்ட் என்று தெரிந்தவர், அவசரக் கட்டணம் கேட்கத் தயங்க மாட்டார்.

வேகத்தைக் கூட்டுவதற்கு முன் கொக்கியை எண்ணுங்கள்

இது தனி வழியல்ல, எல்லா வழிக்கும் முன்னால் வர வேண்டியது. மணிக்கு 150 ஹேங்கர் வெளியே வர வேண்டும் என்றால், 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 90 மீட்டர் சங்கிலி, நிமிடத்துக்கு 1.5 மீட்டர் போதும். ஐந்து கொக்கியில் ஒன்று காலியாகப் போனால் அதே எண்ணிக்கைக்கு 1.88 வேண்டியிருக்கும்; நம் ஜன்னலைத் தாண்டிவிட்டது. காலிக் கொக்கியைச் சரிசெய்யாமல் வேகத்தைக் கூட்டுகிற கூடங்கள்தான் அதிகம். தொங்கவிடும் ஆள் ஒருவர் குறைவாக இருப்பது, சாமான் தள்ளுவண்டி தொலைவில் நிற்பது, வளைந்துபோன ஜிக் (சாமானை மாட்டும் சட்டம்), எர்த் சரியாகக் கிடைக்காத பவுடர் ஏறிய கொக்கி என்று காரணங்கள் எல்லாம் தரையில்தான் கிடக்கும்.

மெரிபேங்க்கிலிருந்து வரும் மூத்த லோடிங் ஆபரேட்டர் ஒருவர் புதிய சூப்பர்வைசரிடம் சொன்னது எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது: "தம்பி, நீங்க சங்கிலியை வேகமா விட்டா நான் இன்னும் அதிகமா காலியாத்தான் விடுவேன். கையால தொங்கவிட ஒரு நேரம் இருக்கு இல்லையா?" அதுவே நடக்கும். 1.5-ல் எல்லாக் கொக்கியையும் நிரப்புகிற இரண்டு பேர் 1.9-ல் திணறுவார்கள், காலி இன்னும் கூடும், எண்ணிக்கை அங்கேயே நிற்கும். மூன்றாவது ஆளைப் போடுவது பல நேரம் எந்தக் கருவியையும்விட மலிவு. ஒரு ஹேங்கரில் இரண்டு அடுக்காகத் தொங்கவிட ஜிக் செய்துகொண்டால் வேகத்தைத் தொடாமலே உற்பத்தி கூடும். ஆனால் ஓவனுக்குள் இறங்கும் இரும்பின் எடையும் கூடுகிறது, பர்னர் ஈடுகொடுக்கிறதா என்று டேட்டா லாகரை மறுபடி ஒருமுறை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

மற்ற வழிகள்

ஓவன் சூட்டை ஏற்றி வேகமாக ஓட்டலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும். 210-ஐ 230 ஆக்கினால் 6 மி.மீ. இரும்பு 190-ஐத் தொட பதினேழேகாலுக்குப் பதில் 12.6 நிமிடம்தான் ஆகும். ஒரே வேகமாக 1.5-ல் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் 1.2 மி.மீ. தகடு இருபது நிமிடத்துக்கும் மேலாக 230-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளை போய்விடும், பளபளப்பு மாறும். சங்கிலி ஏதோ காரணத்துக்காகப் பத்து நிமிடம் நின்றால் ஓவனுக்குள் இருப்பது மொத்தமும் குப்பை. கரண்ட் நம்ப முடியாத ஊரில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறைந்த சூட்டில் வேகும் பவுடர் நல்ல தீர்வு, குறிப்பாகக் கனமான சாமான் அதிகமுள்ள கூடத்துக்கு. 160, 170 டிகிரியில் வேகும் வகைகள் கிடைக்கின்றன. விலை கூடுதல், நிறத் தேர்வு குறைவு. அதைவிட முக்கியம், சீக்கிரம் வேகும் பவுடர் கிடங்கிலும் சீக்கிரம் கெடும். டர்பனின் பிப்ரவரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் பெட்டிக்குள்ளேயே கட்டி பிடிக்கும். ஏசி போட்ட ஸ்டோர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஓவன் வாயில் கதிர் வீசிச் சூடேற்றும் இன்ஃப்ராரெட் பூஸ்டர் வைப்பது மூன்றாவது. தட்டையான கனமான சாமானை அது விரைவாகத் தூக்கிவிடும், பவுடரும் உடனே இளகிப் பிடிப்பதால் ஓவன் காற்று அதைக் கலைக்காது. ஆனால் அந்தக் கதிர் நேரே படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். குழாயும் வளைவுமாக இருக்கும் கேட்டின் உள்மூலைக்கு அது பெரிதாக உதவாது.

புதிதாக லைன் போடுபவர்கள் மட்டும் பவர் அண்ட் ஃப்ரீ கன்வேயரைப் பற்றிக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு கேரியரையும் சங்கிலியிலிருந்து விடுவித்து, ஓவனுக்குள் தனித்தடத்தில் வேண்டிய நேரம் நிறுத்தலாம். இந்தக் கட்டுரையில் பேசிய முரண்பாட்டுக்கு அது வேரோடு பிடுங்கும் தீர்வு. முதலீடு மிக அதிகம், பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

குமிழில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்

எந்த வழியை எடுத்தாலும் வேகத்தை அளப்பது ஒரே மாதிரிதான். மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியான விஎஃப்டியின் டிஸ்ப்ளே காட்டுவது மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸ். சங்கிலி நீண்டிருக்கலாம், டிரைவ் வழுக்கலாம், சுமை கூடியிருக்கலாம். ஆள் நடமாடும் நேரான பகுதியில், சங்கிலி ஓடும் தடத்துக்குக் கீழே உள்ள தூணில் சாக்பீஸால் ஒரு கோடு, அங்கிருந்து டேப் பிடித்து 5 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு. ஒரு ஹேங்கரில் சிவப்புத் துணி கட்டி, ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். 5 மீட்டருக்கு 167 நொடி என்றால் 1.8, 250 நொடி என்றால் 1.2. வாரம் ஒரு முறை, லைன் நிறையச் சாமானோடு ஓடும்போது அளக்க வேண்டும். காலியாக ஓடும்போது அளப்பதில் பயனில்லை. மோட்டாரை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாள் முழுக்க ஓட்டினால் அதன் சொந்த விசிறியின் காற்றே போதாமல் சூடாகும். அவ்வளவு இறக்க வேண்டியிருந்தால் கியரை மாற்றுவதே சரி.

வேகம் சரியா என்பதற்குக் கடைசிச் சாட்சி சாமான்தான். ஒவ்வொரு கனமான கட்டிலும் தடிமன் மிகுந்த இடத்தை எம்ஈகே என்ற கரைப்பானில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினால், மேற்பரப்பு இளகினால், பவுடர் வேகவில்லை. மெல்லிய தகட்டில் தேய்த்துவிட்டு பாஸ் போடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அது எப்படியும் வெந்திருக்கும்.

கடைசியாக 10 மி.மீ. சாமானும், உருகிய துத்தநாகத்தில் முக்கி ஹாட் டிப் கால்வனைஸ் செய்த பெரிய கேட்டும். இரண்டையும் லைனில் ஏற்றாதீர்கள். 10 மி.மீ.க்கு 0.9-க்கு இறங்கினால் முன்னே சொன்ன பிரீட்ரீட்மென்ட் ஜன்னல் உடைகிறது, நாளும் போய்விடுகிறது. கடலோர வீடுகளுக்குக் கால்வனைஸ் மேல் பவுடர் என்பது டர்பனில் நல்ல, நீடிக்கும் வேலை. ஆனால் அந்தத் துத்தநாகப் பூச்சு சூட்டில் வாயு விடும், அது பவுடரைத் துளைத்து ஊசித் துளைகளாக நிற்கும். பூசுவதற்கு முன்பே ஒரு முறை, பவுடர் வேகும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகத்தில், வெறும் சாமானாக ஓவனில் வைத்து அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். இதற்கெல்லாம் கதவு மூடும் சின்ன பேட்ச் ஓவன் ஒன்று போதும். இரண்டாங்கையில் கிடைத்தாலும் வாங்கிப் போடலாம், டெம்பரேச்சர் கன்ட்ரோலரையும் காற்று விசிறியையும் மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டால் சரி.